ஒரு கடிதத்தின் உரைநடை

அரசாங்க நிர்வாகத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். நான் எழுதுவது ஒரு வாக்கியத்தைப் பற்றி. 2025 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய அரசு, தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவர்களில் பலருக்கும் ஒரே அச்சில் வார்த்த கடிதம் போயிற்று: உங்கள் வேலைத்திறன் போதவில்லை என்ற அர்த்தத்தில். நல்ல மதிப்பீடு வாங்கியிருந்தவருக்கும் அதுதான். யாரும் மதிப்பிடுவதற்குள் வேலை போனவருக்கும் அதுதான்.

ஜனவரி 20 அன்று டிரம்ப் உத்தரவில் பிறந்து, எலான் மஸ்க்கின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்ட 'அரசுத் திறன் துறை' காலத்துக் காரியம் இது. வீண்செலவை ஒழிப்பது நல்லதுதானே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சிவப்பு நாடாவுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. எது வீண் என்று பார்த்தார்களா? அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானவர்களை நீக்கிவிட்டு, சில நாட்களுக்குள் பெரும்பாலோரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிடுவதே பெரும்பாடாயிற்று, அலுவலக மின்னஞ்சலைத்தான் ஏற்கெனவே பிடுங்கியாயிற்றே. பறவைக் காய்ச்சலைக் கவனித்தவர்கள் விஷயத்திலும் இதே கூத்து. மிச்சம் பிடித்ததாக வெளியிட்ட பட்டியலில் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடியாக நின்றது. (நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நூற்றாண்டுகளைக் கூட்டிக் குறைப்பதைவிடத் தாராளம்.)

கணக்கைத் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது அந்த வாக்கியம். ஆட்குறைப்பு என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அதற்கென்று விதிகள் உண்டு: 60 நாள் முன்னறிவிப்பு, பணிமூப்பு இத்யாதி. அவற்றைத் தாண்டிப்போக ஒரு பொய் தேவைப்பட்டது. அந்தப் பொய்க்கு ஆசிரியர் என்று யாருமில்லை. மத்தியப் பணியாளர் அலுவலகத்திலிருந்து மாதிரி வந்தது, துறைகளில் கையெழுத்து விழுந்தது, அவ்வளவே. வேலை போனவன் அடுத்த இடத்தில் விண்ணப்பிக்கும்போது அவனுக்கு முன்பே அந்த வாக்கியம் போய் உட்கார்ந்திருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், திறமைக் குறைவு என்ற காரணம் பொய் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். மார்ச்சில் ஆறு துறைகளின் ஊழியர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் நீக்கம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபோது அவர் வேலையைத் திருப்பித் தரவில்லை. கோப்புகளைத் திருத்தி, நீங்கள் நீக்கப்பட்டது உங்கள் வேலைத்திறனைப் பார்த்து அல்ல என்று அவர்களுக்கு எழுதச் சொன்னார். அதுவும் ஒரே அச்சில் வார்த்த கடிதமாகத்தான் போயிருக்கும்.