லேப்டாப் ஓடினால் ஹேர் டிரையரும் ஓடுமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஹேர் டிரையருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கதையில் தப்பு செய்தது கம்ப்யூட்டர் தெரிந்த ஆள். அதாவது நான். அதனால் இங்கேதான் எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் என் அக்கா மகள் கல்யாணம். நியூஜெர்சியிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். முகூர்த்தத்தன்று அதிகாலை நாலரை மணி. மணப்பெண் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கிறாள். இடுப்புக்குக் கீழே முடி. அது காய்ந்தால்தான் பின்னல் போட்டு பூ வைக்க முடியும். அண்ணன் மகள் தன் பெட்டியிலிருந்து ஒரு ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சித்தப்பா, இது இங்கே வேலை செய்யுமா?"

என் லேப்டாப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அப்பா அமெரிக்காவிலிருந்து வாங்கி அனுப்பியது. இரண்டு தட்டைப் பின் கொண்ட அதன் பிளக்கை நம் ஊர் சாக்கெட்டில் செருக, ஒரு கடையில் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். உலகம் முழுவதும் பயன்படுத்தலாம் என்று அதன் அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு வருடமாக எந்தத் தொல்லையும் இல்லை. அதைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். "லேப்டாப்பே ஓடுது. இது ஓடாதா?" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றிற்கும் காரணம்.

சுவிட்சைப் போட்டதும் டிரையர் ஊளையிட்டது. சாதாரணச் சத்தம் இல்லை. உள்ளே கம்பி செக்கச் சிவந்து தெரிந்தது. அதை நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் 'பட்' என்று ஒரு வெடிப்பு. முன்பக்கத்திலிருந்து நெருப்புப் பொறி பறந்தது. அறையில் விளக்கு அணைந்தது. இருட்டில் முடி கருகும் நாற்றமும், "மாமா! மாமா!" என்று மணப்பெண்ணின் சத்தமும்தான். கடவுள் புண்ணியம், ஈர முடி என்பதால் நுனியில் ஒரு கொத்து மட்டுமே பொசுங்கியது. முன்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அந்தக் கொப்புளத்தின் மேல் மஞ்சள் தடவிக்கொண்டுதான் அவள் மணவறையில் உட்கார்ந்தாள். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கல்யாணம் முடிந்து, எல்லோரும் தூங்கிய பிறகு, அந்த டிரையரைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியில் பொடி எழுத்தில் எல்லாமே எழுதியிருந்தது. 125 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1875 வாட். லேப்டாப் சார்ஜரையும் திருப்பினேன். இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்திருந்தால் பத்து வினாடியில் விஷயம் விளங்கியிருக்கும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்க டிரையர்களில் பெரும்பாலானவை 1875 வாட் என்றே ஏன் இருக்கின்றன தெரியுமா? அங்கே சாதாரண சாக்கெட் 15 ஆம்ப். 15-ஐ 125-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த சாக்கெட் தாங்கும் கடைசி எல்லை வரை போய்த்தான் அதைச் செய்கிறார்கள். கூட்டிக்கொள்ள அதில் இடமே கிடையாது.

இப்போது அதே கம்பிச் சுருளுக்கு 230 வோல்ட் கொடுங்கள். 125 வோல்ட்டில் 15 ஆம்ப் எடுக்கிறது என்றால் அந்தச் சுருளின் தடை ஏறக்குறைய 8.3 ஓம். 230-ஐ 8.3-ஆல் வகுத்தால் 27 ஆம்புக்கு மேல். வாட் கணக்கில் கிட்டத்தட்ட 6350. வோல்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. வோல்ட் கூடினால் கரண்டும் சேர்ந்து கூடும் என்பதால் வரும் வினை இது. 2000 வாட் கீசர் மூன்றை ஒரு கைப்பிடிக்குள் அடைத்து, ஒரு பெண்ணின் தலைக்குப் பக்கத்தில் பிடித்ததற்குச் சமம். அதுவும் நம் ஊர் 6 ஆம்ப் சாக்கெட்டில். மண்டபத்தில் எம்.சி.பி. விழுந்ததால் பிழைத்தோம்.

சரி, லேப்டாப் மட்டும் எப்படித் தப்பித்தது? அதன் சார்ஜருக்குள் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். வரும் மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை போட்டு அணைத்து, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்புகிறது. வெளியே வருவது எத்தனை வோல்ட் என்று தானே பார்த்துக்கொண்டு, போட்டு அணைக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதனால் உள்ளே 100 வந்தாலும் 240 வந்தாலும் லேப்டாப்புக்குப் போவது அதே 19 அல்லது 20 வோல்ட்தான். டிரையருக்கும் இப்படிச் செய்யக் கூடாதா? செய்யலாம். லேப்டாப் கேட்பது 65 வாட், 90 வாட். டிரையர் கேட்பது 1875. அத்தனைக்கும் எஸ்.எம்.பி.எஸ். வைத்தால் அது டிரையரைவிடப் பெரிதாகவும், விலை அதிகமாகவும் இருக்கும். அதனால் சாதாரண டிரையரில் கம்பிச் சுருளை நேராகவே மின்சாரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

இதில் என் முக்கியமான புகார் ஒன்று உண்டு. 'அடாப்டர்' என்ற சொல்லைப் பற்றியது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம் லேப்டாப் சார்ஜரையும் அடாப்டர் என்கிறோம். பின்னை மாற்றும் சின்ன பிளாஸ்டிக் கட்டையையும் அடாப்டர் என்கிறோம். முதலாவது உண்மையில் வோல்ட்டை மாற்றுகிறது. இரண்டாவது எதையுமே மாற்றுவதில்லை. தட்டைப் பின்னை உருண்டைப் பின்னாக்குகிறது, அவ்வளவுதான். ஒரே பெயர் இருப்பதால், கட்டைதான் ஏதோ வேலை செய்கிறது, அதனால்தான் லேப்டாப் ஓடுகிறது என்று மனம் நம்பிவிடுகிறது. நான் நம்பினேன். என்னைக் கேட்டால், இந்தக் கட்டைகளை விற்பவர்கள் 'இது வோல்ட்டை மாற்றாது' என்ற மூன்று வார்த்தைகளை, 'உலகம் முழுவதும்' என்பதை அச்சடிக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். சில கட்டைகளில் அந்த எச்சரிக்கை இருக்கிறது. பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படி!

கடையில் கன்வர்ட்டர் என்றும் ஒன்று தருவார்கள். அதிலும் இரண்டு ஜாதி. கையடக்கமாக, எடை குறைவாக, 1600 வாட், 2000 வாட் என்று எழுதியிருப்பது எலக்ட்ரானிக் வகை. அது மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து சூட்டைக் குறைக்கிறது. வெறும் கம்பிச் சுருள் உள்ள பொருளைக் கொஞ்ச நேரம் ஓட்டத்தான் லாயக்கு. எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ளதை அதில் மாட்டினால் கெடுத்துவிடும். லேப்டாப்பை அதில் செருகவே செருகாதீர்கள், தேவையும் இல்லை. இப்போது வரும் விலை உயர்ந்த டிரையர்களிலும் உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிறது, அவற்றுக்கும் இது ஆகாது. மற்றொரு ஜாதி, நிஜ டிரான்ஸ்பார்மர். நம்பகமானது. ஆனால் டிரையரைத் தாங்கும் அளவில் வாங்கினால் அது வீட்டில் ஒரு மூலையில் வைக்கத்தான் உதவும். சூட்கேசில் அதை வைத்தால் வேறு எதையும் வைக்க முடியாது.

இங்கிருந்து அங்கே போகிறவர்கள் கதை இவ்வளவு பயங்கரமில்லை. நம் ஊரில் வாங்கிய 230 வோல்ட், 1200 வாட் டிரையரை அமெரிக்காவில் மாட்டினால் கிடைப்பது 330 வாட்டுக்கும் குறைவு. மூக்கால் ஊதுவதுபோல் இளஞ்சூட்டில் காற்று வரும். ஜப்பானில் 100 வோல்ட்தான், அங்கே இன்னும் மோசம். (ஜப்பானில் வேறு ஒரு வேடிக்கை உண்டு. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். 1890களில் ஒரு ஊர் ஜெர்மனியிலிருந்தும் மற்ற ஊர் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கிய கணக்கு, இன்றுவரை தீரவில்லை.) சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், இங்கிலாந்து போகிறவர்களுக்குக் கவலையே இல்லை. வோல்ட் ஏறக்குறைய நம் ஊர்தான், பின் மட்டும்தான் வேறு. அந்தப் பிளாஸ்டிக் கட்டை அங்கே உண்மையாகவே போதும். இங்கிலாந்தில் ஹோட்டல் பாத்ரூமில் 'ஷேவர் மட்டும்' என்று எழுதிய சாக்கெட் ஒன்று இருக்கும். 115, 230 என்று இரண்டும் போட்டிருக்கும். ஆஹா, எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறதே என்று டிரையரை அதில் செருகிவிடாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மர் ஒரு ஷேவருக்கும் டூத் பிரஷுக்கும் மட்டும் போதுமான குட்டி.

முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர் இதில் கொஞ்சம் நல்ல பிள்ளை. அதற்கு டிரையர் அளவு வாட் தேவையில்லை. பலவற்றில் பி.டி.சி. என்னும் செராமிக் வில்லை இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் தடை கிடுகிடுவென்று உயர்ந்து, தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். அதனால் 100-240 என்று எழுதிய ஸ்ட்ரெயிட்னர்கள் நிறையக் கிடைக்கின்றன. எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை, அதையும் திருப்பிப் படித்துத்தான் ஆக வேண்டும். பயணத்துக்கென்றே விற்கும் சின்ன டிரையர்களில் காசை வைத்துத் திருப்பும் ஒரு சுவிட்ச் இருக்கும். 120 அல்லது 240. ஊர் மாறியதும் திருப்ப மறந்தால் பழைய கதைதான்.

இந்த மாதிரி சுவிட்ச் உங்கள் மேஜைக்கு அடியிலும் இருக்கலாம். பழைய கம்ப்யூட்டர் அல்லது விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். உள்ளதாக இருந்தால், சி.பி.யூ. பெட்டியின் பின்புறம், மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாகப் பாருங்கள். 115, 230 என்று இருக்கும். 115-இல் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட், வரும் வோல்ட்டை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த நிலையில் நம் 230-ஐக் கொடுத்தால் அதையும் இரட்டிப்பாக்கப் பார்க்கும். கெபாசிட்டர் தாங்காமல் வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டரையும், குழந்தைகள் கைபட்ட கம்ப்யூட்டரையும் சுவிட்ச் போடுமுன் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். புது எஸ்.எம்.பி.எஸ். பலவற்றில் இந்தச் சுவிட்சே கிடையாது, தானே புரிந்துகொள்ளும். அதற்கு முழு வோல்ட் ரேஞ்ச் என்று லேபிளில் அச்சடித்திருப்பார்கள்.

இன்னொன்று. வீட்டில் கரண்ட் போன நேரத்தில், யு.பி.எஸ். சும்மாதானே இருக்கிறது என்று டிரையரை அதில் மாட்டும் வழக்கத்தைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது சுமார் 360 வாட். நம் ஊர் டிரையரே 1000, 1200 கேட்கும். யு.பி.எஸ். கூவிவிட்டு அணைந்துபோகும், கூடவே சேமிக்காத உங்கள் பைலும் போகும். 2000 வாட் டிரையர் என்றால் 230 வோல்ட்டிலேயே 8.7 ஆம்ப். அது கம்ப்யூட்டர் டேபிள் எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு வரவே கூடாது. ஏ.சி.க்கும் கீசருக்கும் இருக்கும் பெரிய பின் சாக்கெட்தான் அதற்கு இடம்.

என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான். வேறு வோல்ட் உள்ள நாட்டுக்கு டிரையரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போய் இறங்கிய ஊரில் மலிவாக ஒன்று வாங்குங்கள், அல்லது தங்கும் வீட்டில், ஹோட்டலில் இருப்பதைக் கேளுங்கள். கன்வர்ட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு டிரையரே கிடைக்கும். ஸ்ட்ரெயிட்னர் என்றால் 100-240 உள்ளதாகப் பார்த்து வாங்கினால் எங்கும் கொண்டு போகலாம். 'என் தோழி கொண்டு போனாள், ஒன்றும் ஆகவில்லை' என்பதை மட்டும் நம்பாதீர்கள். தோழி கொண்டு போனது வேறு மாடலாக இருக்கும்.

போன வருடம் அண்ணன் மகள் மறுபடி ஊருக்கு வந்தாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, புதிதாக வாங்கிய கர்லரின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "சித்தப்பா, இந்தத் தடவை லேபிளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்." பெரிதாக்கிப் பார்த்தேன். 120 வோல்ட் மட்டும். வேண்டாம், அங்கேயே வைத்துவிட்டு வா என்று பதில் போட்டுவிட்டு, டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் 230 வோல்ட்டில் ஒன்று வாங்கி வைத்தேன்.