நெய்யாற்றின்கரைத் தாலுகா: நாம் குடியிருக்கும் மண்

அமெரிக்க நாட்டில் 'கவுண்டி' என்று ஓர் ஆட்சிப் பிரிவு உண்டு. நம் ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் நடுத்தரமானது என்று வைத்துக்கொள்ளலாம். 1876ஆம் ஆண்டில் அந்நாடு தன் சுதந்திர நூற்றாண்டைக் கொண்டாடியபோது, ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வோர் ஊரும் தன் வரலாற்றை எழுதுவித்துப் பத்திரப்படுத்த வேண்டுமென அந்நாட்டுப் பேரவை கேட்டுக்கொண்டது. அங்கே குடியிருந்தோரில் பெரும்பாலோர் எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்தவர்களும் அவர்தம் வழிவந்தோருமே. ஆயினும் வந்து சேர்ந்த இடத்து ஆறு எது, மலை எது, முன்பு வாழ்ந்தவர் யார் என்பதையெல்லாம் எழுதி வைத்தார்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களை நோக்கினால் நிலைமை வேறாக இருக்கிறது. பாறசாலையிலும் உதியன்குளங்கரையிலும் நெய்யாற்றின்கரைப் பட்டணத்திலும் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும், "இது பிழைக்க வந்த இடம்தானே" என்று சொல்லிக்கொள்ளும் வீடுகள் பல. அவ்வீட்டுக் குழந்தைகளுக்குப் பெற்றோரின் ஊரும் தெரியாது. பிறந்த ஊரும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் அக்குழந்தைகளை எண்ணியே இம்மாதம் இப்பகுதியை எழுதுகிறோம். வி. நாகமய்யா 1906இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட திருவிதாங்கூர் சமஸ்தானக் கையேடு ஆங்கிலத்தில் உள்ளது. அதைத் தேடிப் படிக்க எல்லோருக்கும் இயலாது.

நெய்யாற்றின்கரை, கேரள மாநிலத்தின் தென்கோடித் தாலுகா. கிழக்கே மலை, மேற்கே கடல், தெற்கே நம் குமரி மாவட்டத்து விளவங்கோடு. இதன் உயிர் நெய்யாறு. அகத்தியர் மலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் சரிவிலே பிறந்து, ஏறக்குறைய 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றுப் பொழியில் கடலோடு கலக்கிறது. பொதிகை என்று நம் புலவர்கள் போற்றிய அம்மலைத் தொடர், கிழக்கே திருநெல்வேலிக்குப் பொருநையைத் தந்தது. மேற்கே இவ்வூருக்கு நெய்யாற்றைத் தந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே குடத்தில் நீர் மொள்ளும் தாய்மார், மலையின் மறுபக்கத்து நீரைத்தான் மொள்ளுகின்றனர். 2014இல் காட்டாக்கடை தனித் தாலுகாவாகப் பிரிந்தபோது அணைக்கட்டும் மலைப்பகுதியில் பெரும்பங்கும் அதனோடு சென்றன.

ஊர்ப்பெயர்களைக் கவனித்தால் எல்லைக் கோட்டின் மெல்லிய தன்மை விளங்கும். அமரவிளை, இஞ்சிவிளை என்பன கேரளத்தில், களியக்காவிளை தமிழ்நாட்டில். மேட்டுப்பாங்கான தோட்ட நிலமே 'விளை'. பனச்சமூடு என்றால் பனையின் அடி. 'மூடு' என்ற சொல்லை இருபுறத்தாரும் ஒரே பொருளில் வழங்குகிறார்கள். மரச்சீனி, சக்கை என்னும் சொற்களுக்குக் குமரி மாவட்டத்திலும் சரி, இங்கும் சரி, விளக்கம் தேவையில்லை. வடகேரளத்தார் கேட்டுச் சிரிக்கும் இத்தாலுகாவின் மலையாளத்தில் மூத்தவனை 'அண்ணன்' என்பதும், சிறுவரை 'மக்களே' என்று அழைப்பதும் வழக்கம். நம்மவர் சிலர் இதைக் 'கலப்பு' என்று இகழ்வதுண்டு. நமக்கு அவ்விகழ்ச்சியில் உடன்பாடில்லை. பல நூற்றாண்டுகள் ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்களின் பேச்சு வேறெவ்வாறு இருக்கும்?

பண்டைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இத்தாலுகாவின் கடற்கரையிலுள்ள விழிஞம், ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்ததற்கு அத்துறையே காரணம். அங்குள்ள சிறிய குடைவரைக் கோயிலை நம் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று காணலாம். அதே விழிஞத்தில் 2025ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி பெரும் சரக்குக் கப்பல் துறைமுகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரம். அங்கிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலை இத்தாலுகாவின் நடுவே சென்றது. பகைவர் துரத்தியபோது இளவரசராயிருந்த அவர் ஒரு பலா மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிக் கதை. 'அம்மச்சிப் பிலாவு' எனப்படும் அம்மரத்தின் எச்சம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் காக்கப்பட்டு வருகிறது. கோயிலும் அவர் கட்டியதே.

இத்தாலுகாவில் தமிழரின் கை பதிந்த இடம் எது என்று கேட்பவரைப் பாலராமபுரத்திற்கு அனுப்புவோம். பாலராம வர்மர் (1798–1810) பெயரால் அமைந்த ஊர் அது. அரண்மனைக்கு வேண்டிய துணி நெய்வதற்கென, திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தெற்கேயிருந்து தமிழ்ச் சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டன. வீடும் தெருவும் தறியும் தரப்பட்டன. குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமர்ந்து, கையால் நாடா எறிந்து நெய்யும் அவர்களது முறை வேறு. விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துத் துலக்கும் முறை வேறு. அத்துணிக்கு இருபுறமும் ஒரே தோற்றம். உட்புறம், வெளிப்புறம் என்று பிரித்தறிய இயலாது. இன்று ஓணத்திற்கு மலையாளப் பெண்மணிகள் விரும்பி உடுத்தும் கசவு வேட்டியும் நேரியதும் கேரளத்தின் அடையாளமாக உலகெங்கும் மதிக்கப்படுகின்றன. புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. அவற்றிற் புகழ்பெற்ற ஒரு வகையை நெய்தளித்தவை, நம்மைப் போலவே பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள்! விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதாலும், கூலி போதாமையாலும், இளைஞர் பலர் தறியை விட்டுச் செல்கின்றனர். அத்தெருக்களில் தறியோசை குறைந்து வருவதை நேரிற் கேட்டவர்கள் அறிவார்கள். ஓணத்திற்குத் துணி வாங்கும் நம் இல்லங்கள் நெய்வோரிடமிருந்தோ அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வாங்கினால் நன்று.

இனி மக்கள். 1888இல் நெய்யாற்றங்கரையிலே அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவமாகப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர்களுக்குத் தாமே ஒரு கோயிலை அளித்த செயல் அது. அவர் தவம் செய்த மருத்துவாழ்மலை குமரி மாவட்டத்தில் உள்ளது. அவர் யோகம் பயின்ற தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குருவும் தமிழில் பதிகங்கள் பாடியவர். வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, தாழ்த்தப்பட்டோர் நடக்கவும் தடையிருந்த பொதுவழியில் 1893இல் வில்வண்டி பூட்டிச் சென்றார். பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்க மறுத்தபோது, வயல் வேலைக்கு எவரும் செல்லாமல் நிறுத்தி வைத்தார். எழுதப் படிக்க அறியாத ஒருவர் கல்விக்காக நடத்திய வேலைநிறுத்தம் அது! நம் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லவேண்டும்.

நெய்யாற்றின்கரையில் 1878இல் பிறந்த 'சுதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை, திவானைக் கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டார். அச்சகம் பறிமுதலாயிற்று. அவரைக் கொண்டுபோய் விட்ட வழி ஆரல்வாய்மொழி. அன்று அதற்கப்பால் வேற்று ராஜ்யம். கார்ல் மார்க்ஸின் வரலாற்றை 1912இல் மலையாளத்தில் எழுதிய அவர், 1916இல் கண்ணூரில் மறைந்தார். 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி பொறுப்பாட்சி கோரிய மக்கள் மீது இப்பட்டணத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். காந்தியடிகளின் தொண்டர் ஜி. ராமச்சந்திரனும் இவ்வூரைச் சேர்ந்தவரே. அவரும் அவர் துணைவியார் டாக்டர் சௌந்தரமும் 1947இல் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமத்தை நம்மவர் நன்கறிவர். அதை நிறுவியவர் நெய்யாற்றின்கரைக்காரர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

எல்லைக்கு வருவோம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கும்படி கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. நேசமணி முதலானோர் நடத்திய அப்போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுடப்பட்டு இறந்தவர்களை மறக்கலாகாது. 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்புக் குழு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கையும் செங்கோட்டையையும் தமிழகத்திற்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரையில் மலையாளம் பேசுவோரே மிகுதி என்பதால் அது கேரளத்தில் நின்றது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு விழுந்தது. குழு செய்தது தவறென்று இன்றும் வாதிடும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. எண்ணிக்கை வேறு முடிவைத் தந்திராது என்பதே நம் கருத்து.

கோட்டினால் வந்த தொல்லை நிலத்தைவிட நீரில் அதிகம். நெய்யாற்றுத் திட்டம் வகுக்கப்பட்டபோது இருபுறமும் ஒரே ராஜ்யம். 1958இல் அணை முடிந்தது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்கு நீர் தரும்படி அமைந்தது. 2004இல் அந்நீர் நின்றது. நெய்யாறு இரு மாநிலத்துக்கும் பொதுவான ஆறே அன்று என்பது கேரளத்தின் வாதம். 2012இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. கால்வாயின் இப்பக்கம் குடியிருந்து, அப்பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் எந்த மாநிலத்தைக் குறை சொல்வார்கள்? வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு ரப்பர் நட்டவர்களும் உண்டு.

ரயிலைப் பற்றி எழுத நமக்குச் சற்று உரிமை உண்டு. 1918இல் திருவனந்தபுரத்திற்கு ரயில் வந்தபின், திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வருவோர் செங்கோட்டை, கொல்லம் வழியாகச் சுற்றியே வந்தனர். 1979 ஏப்ரலில்தான் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதை 1981இல் வந்தது. தெற்கே செல்லும் வண்டிக்குக் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. சீட்டு வாங்க வருவோர் மலையாளத்தில் ஊரைச் சொல்லித் தமிழில் சில்லறை கேட்பதை நாள்தோறும் காண்கிறோம்.

அதே 1956 நவம்பர் 1ஆம் தேதி நம் அரசியல் சட்டத்தில் 350-அ என்ற பிரிவும் நடைமுறைக்கு வந்தது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அது. திருவனந்தபுரத்துச் சாலைப் பகுதியில் அரசுத் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. நம் குழந்தைகள் மலையாளம் நன்கு கற்கட்டும். அது அவர்கள் வாழும் ஊரின் மொழி. தமிழ் எழுத்தும் அறியாமற் போவதற்கு மட்டும் அது காரணமாக வேண்டியதில்லை. வரும் கூட்டத்தில் இதுபற்றிப் பேசப் பெற்றோர் முன்வருதல் வேண்டும்.

நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரம் நோக்கிப் புறப்படுவார்கள். முதலிரவு குழித்துறை, மறுநாள் களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்த, எல்லை தாண்டி வந்து நெய்யாற்றின்கரையில் தங்குவார்கள். ரயிலில் வரும் அன்பர்கள் பாறசாலையில் இறங்கினால் களியக்காவிளை அண்மையிலேயே உள்ளது. குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். வெயிலுக்குக் குடையும் குடிநீரும் மறக்க வேண்டாம்.