புத்தரும் விஞ்ஞானமும்

அணுவைப் பற்றிப் புத்தர் அன்றைக்கே சொல்லிவிட்டார் என்பதாகச் சிலர் பெருமை பேசுகிறார்கள். வேதத்தில் ஆகாய விமானம் இருக்கிறது என்பவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பவுத்த நூல்களில் உலகத்தின் நடுவே மேரு மலை நிற்கிறதே, அதுவும் விஞ்ஞானமா? விஞ்ஞானம் பொய்யென்று ருசுப்படுத்தியதைப் பவுத்தர் கைவிடத்தான் வேண்டுமென்று தலாய் லாமாவே 2005-ல் வெளிவந்த தமது நூலில் எழுதிவிட்டார்.

புத்தருடைய பெருமை வேறு. கேசபுத்தத்துக் காலாமர்களிடம், பரம்பரை வழக்கமென்றோ, சாஸ்திரமென்றோ, குரு சொன்னாரென்றோ எதையும் ஏற்க வேண்டாம். நன்மை தீமையை நீங்களே அறிந்துகொள்ளுங்கள் என்றாரே, அதுதான் பெருமை.

தோழர்களே! சந்தையில் மண்சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? மோட்சம் வாங்கும்போது மட்டும் ஏன் தட்டிப் பார்ப்பதில்லை? புத்தர் வாக்கையும் தட்டிப் பாருங்கள்! ஓட்டைச் சத்தம் கேட்டால் தள்ளுங்கள்!