அண்ணே... ஒரு சின்னப் பார்சல்!

விசா கைக்கு வந்த அன்னிக்கே மேட்டர் தெரு முழுக்கப் பரவிடும். நம்ம காரைக்குடிப் பக்கம் அப்படித்தான். மறுநாள் காலையிலயே வாசல்ல ஆள் நிக்கும். ‘தம்பி, சிங்கப்பூர் போறியாமே... எங்க பய அங்கதான இருக்கான். சின்னப் பார்சல்தாம்ப்பா!’ சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை, மசாலாப் பொடின்னு லிஸ்ட் நீளும்.

தப்பே இல்லை மக்களே! பர்மா, மலேயான்னு கப்பலேறிப் போன ஊர் இது. ஆனா, அந்தக் காலத்து நம்பிக்கையை அப்படியே திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போனா சிக்கல்தான்.

ஏன்னா, பை உங்களோடதுன்னா உள்ளே இருக்குறதும் உங்களோடதுதான். ‘பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது சார்’னு சொன்னா விட மாட்டாங்க. சிங்கப்பூர் சட்டப்படி, உங்க கைவசம் இருக்குற பொருள்ல போதைப்பொருள் இருந்தா, அது உங்களுக்குத் தெரியும்னுதான் முதல்ல எடுத்துப்பாங்க. தெரியாதுன்னு நிரூபிக்கிறது உங்க வேலை. சுத்த ஹெராயின் 15 கிராமைத் தாண்டினா தூக்கு வரைக்கும் போகும். நம்ம நாட்டு 1985 போதைப்பொருள் சட்டத்துலயும் இதே மாதிரி ‘தெரியாதுன்னு நீயே நிரூபி’ பிரிவு இருக்கு.

‘முன்பின் தெரியாதவங்ககிட்ட எதையும் வாங்காதீங்க’ - இது எல்லாரும் சொல்ற அட்வைஸ். ஆனா, தெரிஞ்சவங்களே கொடுத்தா?

2019 ஜூலையில மும்பை தம்பதி ஒண்ணு கத்தார் போனாங்க. டிரிப் செலவு கணவரோட அத்தையோடது. புகையிலைன்னு சொல்லி ஒரு பொட்டலத்தையும் அந்த அத்தைதான் கொடுத்தனுப்பினதா சொன்னாங்க. தோஹா ஏர்போர்ட்ல பிரிச்சா, 4.1 கிலோ ஹஷீஷ்! 10 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. மனைவி அப்போ கர்ப்பிணி. குழந்தை பிறந்ததே சிறையிலதான். நிரபராதின்னு 2021 மார்ச்ல தீர்ப்பு மாறி, ஏப்ரல்ல ஊர் திரும்பினாங்க. போன ஒண்ணே முக்கால் வருஷத்தை யார் திருப்பித் தருவா?

2023 ஏப்ரல்ல மும்பை நடிகை ஒருத்தர் ஷார்ஜாவுல மாட்டினார். ஆடிஷன்னு சொல்லி அவர் கையில கொடுத்தனுப்பின ட்ரோஃபிக்குள்ள போதைப்பொருள் இருந்துச்சு. வேணும்னே சிக்க வெச்சிருக்காங்கன்னு மும்பை போலீஸ் கண்டுபிடிச்ச பிறகுதான் ஜெயில்லேர்ந்து வெளியே வந்தார்.

கெட்ட எண்ணமே இல்லாத பார்சலும் காலை வாரும் பாஸ். நம்ம குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கே, அது அபின் செடியோட விதை. ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல அதுக்குத் தடை, சிங்கப்பூர்லயும் கட்டுப்பாடு. அம்மா பாசமா அரைச்ச மசாலாப் பொடியில அது இருக்கான்னு கேட்டுக்கங்க. மெல்லும் புகையிலையும் சிங்கப்பூருக்குள்ள போகாது. பார்சலுக்குள்ள பவர் பேங்க் இருந்தா செக்-இன் பெட்டியில வைக்கவே கூடாது.

ஸோ, என்ன செய்யலாம்? மூஞ்சியில அடிச்ச மாதிரி ‘முடியாது’ன்னு சொல்லணும்னு இல்லை. ‘அத்தை, பிரிச்சே கொடுங்க. ஏர்போர்ட்ல கேட்பாங்க, நானே பேக் பண்ணிக்கிறேன்’னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பாருங்க. மாத்திரைன்னா டாக்டர் சீட்டு கேளுங்க. கொடுக்கிறவர், வாங்கிக்கிறவர் ரெண்டு பேர் நம்பரையும் குறிச்சுக்கங்க. ட்ரோஃபி, பொம்மை, ஃபோட்டோ ஃப்ரேம்னு பிரிச்சுப் பார்க்க முடியாத அயிட்டமா? ‘கூரியர்ல போட்டுடுங்க’ன்னு கும்பிடு போட்டுடுங்க.

பிரிக்கச் சொன்னா கோவிச்சுப்பாங்களோன்னு பயமா? சீடை டப்பாவைத் திறந்தா நம்ம ஊர்ல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ‘ரெண்டு எடுத்துக்கப்பா’ன்னுதான் சொல்வாங்க. அதுக்குப் பதிலா முகம் மாறுதா? அந்தப் பார்சல் உங்க பைக்கு வேண்டாம்!