செல்லாப் பணம் சொல்லும் செய்தி

செல்லும் பணத்தைச் சேர்ப்போர் பலர். செல்லாத பணத்தைச் சேர்ப்போர் மிகச் சிலர். முன்னவரை உலகம் மதிக்கின்றது; பின்னவரைக் கண்டு நகைக்கின்றது. ஒரு பிடி உப்பு வாங்கவும் உதவாத பழந்தாளைப் பேணி வைப்பதால் யாது பயன் என்று வினவுவோர் உளர். அயல்நாடுகளில் தங்கிய போர்வீரர்க்கென அச்சிடப்பெற்ற தாள்நாணயங்களின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு வினவார்.

போர்க்காலத்தில் பணமும் ஒரு படைக்கலம் ஆகின்றது. 1942இல் அமெரிக்க அரசு, ஹவாய்த் தீவுகளில் வழங்குவதற்கான டாலர் தாள்களின்மீது அத்தீவுகளின் பெயரைப் பெரிய எழுத்துகளில் பொறித்தது. பகைவர் தீவுகளைக் கைப்பற்றினால் அத்தாள்களை மட்டும் செல்லாதன என அறிவித்துவிடலாம் என்பதே அதன் நோக்கம். 1945இல் பர்மா மீட்கப்பட்டபொழுது, இந்திய ரிசர்வ் வங்கியின் ரூபாய்த் தாள்கள் 'பர்மாவில் மட்டுமே செல்லும்' என்னும் பொருள்படும் மேலச்சுடன் அங்கு வழங்கின.

எனினும், இவ்வகைப் பணம் அதனை அச்சிட்டவர்க்கே இடர் விளைத்ததும் உண்டு. நேச நாடுகள் ஜெர்மனியில் வழங்கப் படை மார்க்குகளை அச்சிட்டன. அவற்றின் அச்சுத் தகடுகளை 1944இல் அமெரிக்கா சோவியத் ஒன்றியத்திற்கும் அளித்தது. அந்நாடு தாள்களை மிகுதியாக அச்சிட்டுத் தன் வீரர்க்கு வழங்கியது. அவ்வீரர்கள் அமெரிக்க வீரரிடம் கைக்கடிகாரங்களையும் சிகரெட்டுகளையும் பெருவிலை கொடுத்து வாங்கினர். அமெரிக்க வீரரோ அந்த மார்க்குகளை டாலராக மாற்றித் தம் இல்லங்களுக்கு அனுப்பினர். பெற்ற ஊதியத்தினும் அனுப்பிய தொகை மிகுந்தது. இழப்பு அமெரிக்கக் கருவூலத்தைச் சார்ந்தது.

இதனைத் தடுக்கவே 1946 செப்டம்பரில் படைத்துறை ஊதியச் சீட்டுகள் தோன்றின. அயல்நாட்டில் தங்கிய அமெரிக்க வீரர் டாலருக்கு மாற்றாக இவற்றையே ஊதியமாகப் பெற்றனர். ஐந்து சென்ட்டு முதல் பத்து டாலர் வரை, சில்லறையும் தாளாகவே இருந்தது. இருபது டாலர் தாள் பிற்காலத்தில் சேர்ந்தது. 1973 வரை பதின்மூன்று வரிசைகள் வழக்கிற்கு வந்தன. 1969ஆம் ஆண்டு வரிசையில் நீர்மூழ்கிக் கப்பலும் விண்வெளி வீரரும் இடம்பெற்றனர். வண்ணமும் வடிவும் கண்ணைக் கவர்ந்தன.

இச்சீட்டுகளைப் படையினர் அல்லாதார் வைத்திருத்தல் அக்காலத்தில் குற்றமாக இருந்தது. ஆயினும் அவை பாசறைக்கு வெளியேயும் சென்றன. கள்ளச் சந்தை அவற்றால் வளர்ந்தது. ஆதலின், ஒரு வரிசையை நீக்கிப் புது வரிசையைப் புகுத்தும் நாள் முன்னறிவிப்பின்றி வந்தது. அன்று வீரர்கள் பாசறையை விட்டு வெளியேற இசைவு இல்லை. அவர்கள் பழந்தாளைக் கொடுத்துப் புதுத்தாள் பெற்றனர். அந்நாள் கழிந்தபின் பழைய வரிசை வெறுங்காகிதம் ஆயிற்று. கொரியாவிலும் வியட்நாமிலும் பாசறையை அண்டி வாழ்ந்த கடைக்காரரும் சலவைத் தொழிலாளரும் தம் கையிலிருந்த தாள்களை மாற்ற வழியின்றி நின்றனர்.

கள்ளச் சந்தையை ஒடுக்க இதுவே வழி என்பர் சிலர். டாலர் தாள்கள் வெள்ளமெனப் புகுந்தால் அந்நாட்டு நாணயம் வீழும் என்பதும் உண்மையே. ஆயினும், பெருவணிகம் நடத்தியோனையும் ஒரு நாள் கூலியாக அத்தாளைப் பெற்றோனையும் இவ்விதி வேறு பிரித்துப் பார்க்கவில்லை. நோக்கம் நேரியதாயினும், அதன் சுமை எளியோர் தலைமேலும் விழுந்தது என்பதை மறைத்தல் அறமன்று.

இங்கேதான் பழந்தாள் சேர்ப்போரின் கடமை தொடங்குகின்றது. மடிப்பும் கறையும் இல்லாத புதுத்தாளுக்கே சந்தையில் விலை மிகுதி. பெருமதிப்புத் தாள்களை வீரர்கள் தவறாது மாற்றிக்கொண்டமையால் அவை அரியன ஆயின. அவற்றின் விலையும் உயர்ந்தது. விலையை அறிதல் தவறன்று. ஆனால் விலை ஒன்றையே அறிந்தவன் வணிகன். தாளின் வரலாற்றையும் அறிந்தவனே சேகரிப்பாளன். புதுத்தாள் அச்சகத்தின் திறமையை மட்டும் காட்டும். நான்காய் மடிந்து, ஓரம் தேய்ந்த ஐந்து சென்ட்டுத் தாளோ பல கைகளின் உழைப்பைக் காட்டும். ஆதலின், விலை குறைந்ததெனத் தேய்ந்த தாளை ஒதுக்குவது வரலாற்றின் ஒரு பாதியை ஒதுக்குவதாகும்.

இத்தகைய தாள் கிடைக்கப்பெற்ற மாணவர் அதனைப் பசையிட்டு ஒட்டுதலும் நீரில் கழுவுதலும் ஆகா. வெயிலும் ஈரமும் படாமல் காத்தல் வேண்டும். அது எந்நாட்டில், எவ்வாண்டில் வழங்கியது, எவர் வழியாகக் கிடைத்தது என்பவற்றைத் தனியே குறித்து வைத்தல் அதனினும் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத தாள் பேச்சிழந்த சான்றாகும்.

பணத்தின் மதிப்பு தாளில் இல்லை. அதனைக் கொடுத்தோர் சொல்லில் உள்ளது. அச்சொல் ஒரு நாளில் பொய்த்துப்போனால், எவர் கை வெறுங்கையாகும் என்பதைச் செல்லாத இத்தாள்கள் கூறுகின்றன. அதனைக் கேட்கும் செவி உடையவர்க்கு அவை என்றும் செல்லும் பணமே ஆகும்.