கரைக்கலாமா, காத்திருக்கலாமா?

காலில் உறைந்த ரத்தக் கட்டி நழுவிப் போய் நுரையீரல் குழாயை அடைத்துக் கொள்கிறது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் அதிக யோசனைக்கு இடமில்லை. பெரும்பாலும் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றிவிடுவார்கள். சங்கடமெல்லாம் அழுத்தம் சரியாயிருந்து, இருதயத்தின் வலது அறை மட்டும் திணறும் நோயாளியிடந்தான்.

2014-ல் வெளியான 'பெய்தோ' ஆராய்ச்சியில் இத்தகைய 1,005 பேர். எல்லோருக்கும் ஹெபாரின், பாதிப் பேருக்குக் கரைக்கும் மருந்தும் உண்டு. அதைப் பெற்றவர்களில் 7 நாளுக்குள் இறந்தவர்களும் அழுத்தம் சரிந்தவர்களும் 100-க்கு 2.6, பெறாதவர்களில் 5.6. பேஷ் என்கிறீர்களா? பொறுங்கள். மருந்து பெற்றவர்களில் 12 பேருக்குப் பக்கவாதம், பெரும்பாலும் மூளையில் ரத்தம் கசிந்து! மற்றவர்களில் ஒருவருக்குத்தான்.

ஆகவே ஹெபாரினைக் கொடுத்துக் காவல் இருக்கிறார்கள். அழுத்தம் சரிந்தால் கரைக்கிறார்கள். "டாக்டர் சும்மா நிற்கிறாரே!" என்று வெளியே உறவினர் பொருமுவார்கள். சும்மா இல்லை, ஸார்!