ஒரே செடி, இரண்டு மருந்துச் சீட்டு

ஆடி மாதத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே காற்று சும்மா வீசுவதில்லை, தள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று குடிமங்கலம், பூளவாடி என்று வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. மின்சாரம் கிடைக்கிறது, வெயில் உறைப்பதில்லை, குற்றாலம் போகாமலே சாரல் கிடைக்கிறது. எல்லாம் சரி. ஆனால் இதே மாதங்களில் தோல் டாக்டர் வீட்டு வாசலிலும், 'வீசிங்' டாக்டர் வீட்டு வாசலிலும் ஒரே ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் காற்று எதன் மேல் பட்டு வருகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ரோட்டோரம், பி.ஏ.பி. வாய்க்கால் கரை, தண்ணீர் முறை வராமல் சும்மா கிடக்கும் காடு, கல் நட்டு விற்காமல் போட்ட 'சைட்', ரயில் பாதை ஓரம் என்று எங்கே பார்த்தாலும் இடுப்பளவுக்கு வளர்ந்து, கேரட் இலை மாதிரி இலையும் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூவுமாக நிற்கும் பார்த்தீனியம். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும். ஒரு மழை பெய்தால் முளைக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை பார்த்துவிடும். ஆடு மாடு விரும்பித் தின்னாது. பசித்துத் தின்ற மாட்டின் பால் கசக்கும்.

இது நம் ஊர்ச் செடி இல்லை, மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துச் செடி. 1955-ல் புனேயில் இதைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். 'அமெரிக்கா பி.எல். 480 கோதுமையோடு அனுப்பிய விஷம்' என்று அன்றிலிருந்து மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. சுவையான கதைதான். ஆனால் தேதியைப் பார்த்தால் இடிக்கிறது. பி.எல். 480 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1956 ஆகஸ்டில், செடியைப் பார்த்ததோ அதற்கு முந்தின வருடம். 1951-லேயே கடனாக அமெரிக்கத் தானியம் வந்தது என்பதால் கோதுமை மேல் சந்தேகம் அடியோடு போய்விடவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் செடி இந்தியாவில் இருந்ததற்குத் தாவரவியல் பதிவு உண்டு. எப்படி வந்தது என்ற சண்டையை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இது யாருடைய பொறுப்பு என்று முடிவாகவில்லையே, அதுதான் பெரிய கேள்வி.

இந்தச் செடி ஓர் உடம்பை இரண்டு வழியில் தாக்குகிறது. இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய முடிகளில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டால் உடனே ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே ஒவ்வாமை உண்டாகிவிட்ட உடம்பாக இருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். செடியைத் தொடவே வேண்டாம். காய்ந்து பொடியாகிக் காற்றில் வந்து விழும் துகளே போதும். அதனால்தான் கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று துணி மூடாத இடங்களிலும், தூசு தங்கும் மடிப்புகளிலும் முதலில் வருகிறது. மகரந்தத்தின் கதை வேறு. அது மூக்கில் ஏறிய சில நிமிடங்களிலேயே தும்மல், நீர் வடிதல், நெஞ்சு இறுக்கம் என்று வேலையைக் காட்டிவிடும். பெங்களூரில் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஓர் ஆய்வில், மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியவந்தது. ஆஸ்துமாக்காரர்களிலும் ஒரு பகுதியினருக்கு அதே நிலை.

ஒன்று நிமிடக் கணக்கு, மற்றது நாள் கணக்கு. செவ்வாய்க்கிழமை களை பிடுங்கியவருக்கு அன்று மாலையே இளைப்பு வரும், வியாழக்கிழமை கழுத்து அரிக்கும். இரண்டையும் ஒரே செடியோடு முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? இளைப்புக்குப் 'பனி ஒத்துக்கல' என்றும், அரிப்புக்குப் 'புதன்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய்' என்றும் காரணம் தயாராக இருக்கிறது. கத்திரிக்காய் பாவம், ஊரில் நடக்கும் அத்தனை அரிப்புக்கும் அதுவே ஜாமீன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாக ஆஸ்துமா. இப்போது நான்கைந்து வருடமாகத் தோலும். முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு வருடம் முழுக்க நின்றுவிட்டது. முகத்தோல் கறுத்து, தடித்து, மடிப்பு விழுந்துவிட்டது. வெயில் பட்டாலே எரிகிறது. நெஞ்சு டாக்டர் ஒரு சீட்டு எழுதுகிறார். தோல் டாக்டர் இன்னொரு சீட்டு. நெஞ்சு டாக்டர் கழுத்தைப் பார்ப்பதில்லை, தோல் டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதில்லை. இவரும் சொல்வதில்லை. தோல் டாக்டரிடம் இளைப்பைச் சொன்னால் 'அதுக்கு அங்க போங்க' என்பார் என்று பயம். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கக்கூடும், பெயர் மட்டும் வேறாக. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, நடைமுறையில் அதுதான் அதிகம். "அண்ணா, போன தடவை குடுத்த அதே சின்ன வெள்ளை மாத்திரை பத்து குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்பது. இல்லையென்றால் ஒரு ஊசி. ஸ்டீராய்டு என்பது அரிப்பையும் அடக்கும், இளைப்பையும் அடக்கும். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து, அதுவும் சில ரூபாயில்! வணிகக் கண்ணோடு பார்த்தால் இதைவிட லாபமான கொள்முதல் இல்லை. நட்டக் கணக்கு பிறகுதான் எழுதப்படுகிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தோலும் நெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்து திருப்பி அடிக்கும், உடம்பே தளர்ந்து விழும் ஆபத்தும் உண்டு. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. அறிவிப்பு வந்தது. கடைகளில் எவ்வளவு மாறியது என்பதைக் களிம்பு வாங்கப் போகிறவர்களே சொல்லட்டும்.

இதே ஆட்கள் 'பம்ப்' என்றால் மட்டும் பின்வாங்குவார்கள். இன்ஹேலர் பழகிவிடும், நுரையீரலைக் கெடுத்துவிடும், பொண்ணு கேட்டு வருபவர்கள் பார்த்தால் என்ன ஆகும்... இங்கேயும் ஒரு கணக்கு. வழக்கமான ஒரு இன்ஹேலரில் ஓர் உறிஞ்சலுக்கு 200 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு. 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்பது 10,000 மைக்ரோகிராம். எடையில் ஐம்பது மடங்கு. இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்ல, எனவே இது நேருக்கு நேர் ஒப்பீடு இல்லை. ஆனால் ஒன்று நேராக நுரையீரலுக்குப் போகிறது, மற்றது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. ஊர் பயப்படுவது முதலாவதற்கு!

தோல் நோய்க்கு ஸ்டீராய்டை விட்டால் வழியில்லை என்பதும் உண்மையில்லை. அசதியோப்ரின் என்ற பழைய மருந்து பார்த்தீனியத் தோல் நோய்க்கு நன்றாகக் கேட்கிறது என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல வருடங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். அவ்வப்போது ரத்த அணுக்களையும் ஈரலையும் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து, கடையில் கேட்டு வாங்குவதல்ல. அதற்கு முன்பு, காரணம் இந்தச் செடிதானா என்று தெரிய முதுகில் மருந்துப் பட்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்தும் மூன்றாம் நாளும் பார்க்கும் சோதனை இருக்கிறது. கோயமுத்தூர் போக எழுபது கிலோமீட்டர். ஒட்டுவதற்கு ஒரு நாள், பார்ப்பதற்கு இரண்டு நாள் என்றால் மூன்று நாள் கூலி போச்சு. சோதனைச் செலவைவிட இது பெரிய செலவு, ஆனால் எந்த ரசீதிலும் வராது.

ரசீதில் வராத இன்னொன்று ஊர் வாய். தடித்துப்போன முகத்தைப் பார்த்துத் தொழுநோயோ என்று ஒதுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டீக்கடையில் டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். இது ஒட்டாது, யாருக்கும் பரவாது. பார்த்தீனியம் செவந்தி, சூரியகாந்தி குடும்பத்துச் செடி என்பதால் சிலருக்குச் செவந்தி மாலைகூட ஒத்துக்கொள்ளாமல் போகும். விசேஷ வீட்டில் மாலையை வேண்டாம் என்று தள்ளினால் அதற்கும் ஒரு பேச்சு. இருமினால் காசநோய், சொறிந்தால் தொழுநோய். இரண்டும் இருப்பவர் கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிடுகிறார்.

இப்போது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வரலாம். விற்காத சைட்டில் செடி வளர்வதால் சைட் முதலாளிக்கு நட்டம் ஒன்றுமில்லை, விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும். தும்முவது பக்கத்துத் தோட்டத்துக்காரர். பொருளாதாரப் புத்தகத்தில் புறவிளைவு என்று ஒரு பாடம் உண்டு, சாயப்பட்டறைக் கழிவை உதாரணம் காட்டித்தான் எப்போதும் நடத்துவார்கள். பார்த்தீனியம் அதற்கு இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் இங்கே தப்புச் செய்ய ஒன்றுமே செய்யாமல் இருந்தாலே போதும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பயிர்ப் பூச்சி, நோய், களை ஆகியவற்றுக்காக 1919-லேயே மதராஸ் மாகாணம் ஒரு சட்டம் போட்டது. அறிவிக்கப்பட்ட களையை அகற்று என்று நிலத்தை வைத்திருப்பவருக்கு உத்தரவு போடலாம், அவர் செய்யாவிட்டால் அதிகாரியே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்கிற மாதிரிச் சட்டம். கோயமுத்தூர் வட்டாரத்தில் கம்போடியாப் பருத்திச் செடியைக் குறிப்பிட்ட தேதிக்குள் பிடுங்கியே ஆக வேண்டும் என்று இதன் கீழ்தான் ஆணை இருந்தது. பருத்திக்குப் பூச்சி வரும் என்றால் தேதி குறித்துப் பிடுங்க வைக்க முடிந்தது, மனுசனுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் முடியாதா? கர்நாடகம் 1975-லேயே தன்னுடைய சட்டத்தின் கீழ் பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாக அறிவித்தது. அறிவித்ததால் செடி ஒழிந்துவிடவில்லை, பெங்களூர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் விவசாயத்துக்காக எழுதின சட்டத்தால், விவசாயமே நடக்காத சைட்டைப் பிடிக்க முடியும் என்பதுதான் இங்கே பயன். காலி மனைக்கு வரி வாங்கும் பேரூராட்சியும் நகராட்சியும் அந்த வரி ரசீதோடு களை வெட்டும் கெடுவையும் சேர்த்துக் கொடுத்தால் பாதி சைட் சுத்தமாகிவிடும். யாரும் சும்மா வெட்டமாட்டார்கள், அபராதம் என்றால் வெட்டுவார்கள்.

பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். மாணவர்கள் வரிசையாக நின்று பிடுங்கி, குவித்து, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வெறுங்கை. அரைக்கைச் சட்டை. செடியில் பூ வேறு இருக்கும். பிறகு குவியலுக்குத் தீ வைப்பார்கள், புகை ஆஸ்துமாக்காரர் வீட்டுப் பக்கமாகத்தான் போகும். நூறு நாள் வேலையில் இதே செடியைப் பிடுங்கிய பெண்களும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெறுங்கையாலேயே பிடுங்கினார்கள். பூக்கும் முன்பே, ஈர மண்ணில், வேரோடு, கையுறையும் முழுக்கைத் துணியும் முகக்கவசமும் போட்டுப் பிடுங்க வேண்டும். ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருப்பவரை அந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. பூக்காத செடியை மட்க வைத்து எருவாக்கலாம். பயிர் வைக்காத தரிசில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தால் கருகிவிடும். தோட்டத்தில் அடித்தால் மண் கெடும்.

1984-ல் பெங்களூரில் மெக்சிகோ வண்டு ஒன்றை இதற்கென்றே திறந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் இலையை மொட்டையடித்துவிடும் வண்டு அது. நடுவில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று பெரிய ரகளை நடந்தது, ஒரே குடும்பம் ஆயிற்றே. இருந்தும் வண்டு பிழைத்துக்கொண்டது, பல மாநிலங்களுக்குப் பரவியும் விட்டது. வெயில் வந்தால் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும் என்பது ஒன்றுதான் குறை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கும் அந்த அக்கா, ஆடி மாதத்தில் மட்டும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்: "இளைப்பு இருக்குதுங்களா? கழுத்துலயோ கண்ணுகிட்டயோ அரிப்பு வருதுங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் இரண்டு சீட்டையும் வாங்கி ஒரே நோட்டில் ஒட்டி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கண்ணில் காட்ட வேண்டும். நோட்டு விலை இருபது ரூபாய்.